மேற்படி பெண்ணின் பொருட்பிழைகள்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் பிழை தேடுவேன். ஓட்டலுக்குப் போனால் தோசை வருவதற்குள் விலைப்பட்டியலை மனதுக்குள் திருத்தி முடித்திருப்பேன். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் காபி குடித்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். அவர்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது தாங்காது. “‘வாழ்த்துக்கள்’ல ‘க்’ வராதுங்க” என்று சொல்லிவிடுவேன். (அந்தக் கல்யாணங்களில் எனக்குத் தாம்பூலப் பை கிடைத்ததே பெரிய விஷயம்.)

இப்படிப்பட்ட நான், ஒரே பக்கத்தில் பதினேழு பிழைகள் கொண்ட ஒரு கட்டுரையை, மாவட்டத்தில் இருந்த இருபத்தாறு தமிழாசிரியர்களுக்கு என் பெயரிலேயே அனுப்பிவைத்தேன். கட்டுரையும் என்னைப் பற்றியதுதான். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனிமேல் சொல்லலாம். நான் சொல்லாவிட்டாலும் என் வீட்டுக்காரர் ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்த நேரம். திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தமிழாசிரியை. வயது இருபத்தேழு. பிள்ளைகள் ‘தமிழம்மா’ என்று கூப்பிடுவார்கள். அது தலைக்கு ஏறி, தமிழையே நான்தான் பெற்று வளர்த்தவள் மாதிரி நடந்துகொள்வேன்.

பாடப்புத்தகத்தை விட்டால் சொல்லிக்கொடுக்கக் கையில் வேறொன்றும் இல்லை. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பார்கள். (மலை அழகாகத்தான் இருக்கும். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சில நாள் நானும் பார்ப்பேன்.)

தேரடி வீதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் காதர் பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஆறு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்புகள். நான்கில் எப்போதும் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். என் தம்பியின் பரீட்சை முடிவு பார்க்க அங்கே ஒருநாள் போனேன். முடிவு வெளிவந்திருக்கவில்லை. வந்ததற்கு ஏதாவது பார்ப்போமே என்று ‘தமிழ்’ என்று தேடச் சொன்னேன்.

அன்றைக்குத் திறந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கனடாவிலும் இருந்த தமிழ் ஆசிரியர்கள், வீட்டு அம்மாக்கள், தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தயாரித்த பயிற்சித் தாள்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டுவைத்திருந்தார்கள். விடுகதை, குறுக்கெழுத்து, ல-ள-ழ நாக்குப் பயிற்சி, படம் பார்த்துக் கதை சொல்லும் அட்டை. பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்து யாரோ ஒரு அம்மா ‘ழகரம் வரும் பத்துச் சொற்கள்’ என்று வாழைப்பழம் வரைந்து வைத்திருந்தாள். அவள் யாரென்று கடைசிவரை எனக்குத் தெரியாது. என் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து வருடம் அவளுடைய வாழைப்பழத்தில் படித்தார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. அப்போதெல்லாம் தமிழ்த் தளம் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துரு வைத்திருக்கும். ஒன்றில் எடுத்ததை இன்னொன்றில் திறந்தால், திரை முழுக்கக் கேள்விக்குறியும் தலைகீழ் ஆச்சரியக்குறியும் கொம்பு முளைத்த இங்கிலீஷ் ‘ஏ’யுமாக வரும். காதர் பாய் அதைப் பார்த்துவிட்டு, “டீச்சரம்மா, இது நம்ம பாஷை மாதிரி தெரியல. பக்கத்து மிஷின்ல இருக்குற வெள்ளைக்காரர கூப்பிடட்டா?” என்பார். ஆனாலும் அவர்தான் பொறுமையாக ஒவ்வொரு எழுத்துருவாக இறக்கி, சுவரோரம் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, அதற்கு ‘டீச்சரம்மா மிஷினு’ என்று பெயரும் வைத்தார். சனிக்கிழமை சாயங்காலம் அதில் வேறு யாரையும் உட்காரவிட மாட்டார்.

சேர்த்ததை எனக்கு மட்டும் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் பேச்சுக் கொடுத்தபோது, போளூர், செங்கம், ஆரணி, கீழ்பென்னாத்தூர் என்று பல ஊர்த் தமிழாசிரியர்கள் எனக்கும் கொடுங்கள் என்று பேர் எழுதித் தந்தார்கள். பாதிப் பேருக்கு மின்னஞ்சல் என்றால் என்னவென்று தெரியாது. காதர் பாய்தான் முகவரி உண்டாக்கிக் கொடுத்தார். கடவுச்சொல் என்ன வைக்கலாம் என்று கேட்டால் எல்லோரும் யோசிக்காமல் “அண்ணாமலை” என்றார்கள். “வேற எதுனா சொல்லுங்க சார். இந்த ஊர்ல பூட்டு எல்லாத்துக்கும் ஒரே சாவியா இருக்குது” என்று பாய் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை.

இப்படி இருபத்தாறு பேர். நான் மாதம் ஒரு பயிற்சி அனுப்புவேன். அவர்கள் தங்கள் ஊரில் அச்செடுத்து, நகல் போட்டு, பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். ‘வளர்மதி அம்மா பயிற்சி’ என்றே பெயர் ஆகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி என் அப்பா. அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவர். வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு, அலுவலகத்தை மொழியாக வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். “மேற்படி சாம்பார்ல உப்பு கம்மி” என்பார். அம்மாவும் சளைக்காமல் “மேற்படி ஆளு கடைக்குப் போயி உப்பு வாங்கினு வரலாம்” என்பாள்.

அவருக்கு என் கல்யாணம்தான் முடியாமல் கிடந்த ஒரே கோப்பு. வருகிற சம்பந்தமெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தள்ளிப்போனது. பொண்ணைப் பற்றி எழுத்தில் சரியான விவரம் போகாததுதான் காரணம் என்று அப்பா முடிவுக்கு வந்தார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து விவரக்குறிப்பு எழுதினார். அதைத் தமிழில் தட்டச்சு செய்யக் காதர் பாயிடம் கொண்டுபோனார். என் ஃபிளாப்பி அப்போது பாயிடம்தான் இருந்தது. அதில் என் பயிற்சிகள் ‘வளர் 1’ தொடங்கி ‘வளர் 9’ வரை வரிசையாக இருந்தன. பாய் நல்ல மனதோடு, வளர்மதியைப் பற்றிய விஷயம்தானே என்று அப்பா எழுதியதை அதே ஃபிளாப்பியில் ‘வளர் 10’ என்று சேமித்து வைத்தார். இரண்டு பேரும் என்னிடம் சொல்ல மறந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் தேரடி வீதியை அடைத்துக்கொண்டு நின்றது. வேங்கிக்காலிலிருந்து நடந்தே வந்தேன். சென்டருக்குள்ளும் கூட்டம். “டீச்சரம்மா, சீக்கிரம். கரண்ட் போவப்போவுது, பேட்டரியும் வேல செய்யல” என்றார் பாய். அந்த மாதத்துக்காக நான் மெனக்கெட்டுத் தயாரித்திருந்தது ஒரு பிழை திருத்தும் பயிற்சி. தீபத் திருவிழாவைப் பற்றி ஒரு பத்தி; அதில் வேண்டுமென்றே பிழைகள். அதுதான் ‘வளர் 9’. ஆனால் கடைசி எண் எதுவோ அதுதான் புதியது என்பது என் கணக்கு. கடைசியில் இருந்ததை, திறந்துகூடப் பார்க்காமல் இணைத்தேன். கடிதம் இப்படி எழுதினேன்:

‘அன்புடையீர், இணைப்பில் உள்ள பத்தியில் எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, பொருட்பிழை ஆகியவை வேண்டுமென்றே செய்யப்பட்டுள்ளன. மாணவர்களைக் கொண்டு கண்டறிந்து திருத்தச் செய்யவும். கூச்சமில்லாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பிறருக்கும் வழங்குங்கள்.’

அனுப்பிய மறுநொடி மின்சாரம் போனது. ஒரு நிமிடம் முன்னால் போயிருந்தால் என் வாழ்க்கையே வேறாக இருந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து அவசரமாக ஒரு தடவை அஞ்சலைத் திறந்து பார்த்தேன். பாராட்டுகள் குவிந்திருந்தன. ‘அபாரம் அம்மா. இந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது’ என்று கீழ்பென்னாத்தூர் தணிகாசலம் ஐயா எழுதியிருந்தார். தணிகாசலம் ஐயா எளிதில் யாரையும் மெச்சுகிறவர் இல்லை. ‘விரைவில் நல்லது நடக்க வாழ்த்துகள்’ என்று செங்கத்திலிருந்து ஒருவர். (‘க்’ போடாமல் எழுதியிருக்கிறாரே என்று மகிழ்ந்தேன். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று.) போளூர் சரோஜா டீச்சர், ‘எங்கள் பக்கம் பொருத்தமானது ஒன்று இருக்கிறது. விவரம் அனுப்பலாமா?’ என்று கேட்டிருந்தார்.

ஆகா, மற்றவர்களும் பயிற்சி தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்களே என்று பூரித்துப்போய் பதில் அடித்தேன்: ‘தயங்காமல் அனுப்புங்கள். ஒன்று மட்டும் போதாது, எத்தனை இருந்தாலும் அனுப்புங்கள். எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம்.’

சரோஜா டீச்சரிடமிருந்து அதற்கப்புறம் பதிலே இல்லை.

அடுத்த மாதம் எங்கள் பள்ளியிலேயே தமிழாசிரியர் கூட்டம் நடந்தது. மாதிரி வகுப்பு எடுக்கத் தணிகாசலம் ஐயா கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தார். பார்வையிட ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். பாடம், ‘வளர்மதி அம்மா பயிற்சி’. பிள்ளைகள், எங்கள் பள்ளி ஒன்பதாம் வகுப்பு. நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் ஆசிரியர்களுக்குப் போட்டிருந்த முதல் வரிசையில் உட்கார்ந்தேன். சரோஜா டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். பட்டுப் புடவையைப் பார்க்கிறார் என்று நினைத்து முந்தானையைச் சரி செய்துகொண்டேன்.

ஐயா பெரிய தாள் ஒன்றை விரித்துப் பலகையில் மாட்டினார். அழகான கையெழுத்து. படித்தேன்.

‘மேற்படி பெண் திருவண்ணாமலையில் தமிழாசிரியையாகப் பணிபுறிந்து வருகிறாள். சாந்த குனம் உடையவள். மெல்லிய குறலில் பேசக்கூடியவள். கோபம் என்பதே அறியாதவள். அதிகாலையில் எழுந்து வீட்டு வேலைகள் அணைத்தும் செய்வாள். சமயலில் கைத்தேர்ந்தவள். இணையத்தில் வீண்பொழுது போக்கும் பழக்கம் அறவே இல்லை. தக்க வரன் இருப்பின் உரிய காலக்கெடுவுக்குள் தகவல் அளிக்குமாறு இதன்வழி கேட்டுக்கொள்ளப்படுகிறது.’

முதல் வாசிப்பில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ‘பணிபுரிந்து’வுக்கு எந்த ‘ரி’ என்றுதான் மனம் போயிற்று. இரண்டாம் முறை ‘மேற்படி’யைப் பார்த்தேன். உலகத்திலேயே ஒரே ஒரு மனிதர்தான் பெற்ற பெண்ணை ‘மேற்படி பெண்’ என்று எழுதுவார். காது இரண்டும் சூடாகிவிட்டன.

ஐயா நல்லவர். பெயரும் குடும்ப விவரமும் இருந்த வரிகளை விட்டுவிட்டுத்தான் எழுதியிருந்தார். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தது எங்கள் ஒன்பதாம் வகுப்பு.

“எழுத்துப்பிழை யார் சொல்றீங்க?” என்றார் ஐயா.

“ஐயா, ‘குனம்’ தப்பு. மூணு சுழி ‘ண’ வரணும்.”

“ஐயா, ‘குரல்’ சின்ன ‘ர’. இவங்க ரெண்டு அடியில வெண்பா பேசுற மாதிரி இருக்குது.”

“ஐயா, ‘அனைத்தும்’. ‘அணைத்தும்’னா வீட்டு வேலையக் கட்டிப்புடிச்சிக்கினு நிக்கிறாங்கன்னு அர்த்தம்.”

“‘சமையல்’. ‘சமயம்’னா மதம்.”

வகுப்பு கலகலவென்று போனது. அதிகாரி குறிப்பேட்டில் வேகமாக எழுதினார். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள்! ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்து தொலைத்தது.

“சபாஷ். இப்ப பொருட்பிழை. எழுத்து சரியா இருக்கும், சொல்ற விஷயம் தப்பா இருக்கும். யாருக்காவது தெரியுதா?”

பிள்ளைகள் தாளைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தி பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் பக்கத்திலிருந்தவள் பார்த்தாள். தீ பிடிப்பது போல் வரிசை வரிசையாக எல்லாத் தலைகளும் திரும்பின. இரண்டாம் பெஞ்சில் நசீமா எழுந்தாள். வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவள். பொய் சொல்ல வராதவள்.

“ஐயா, ‘மெல்லிய குரல்’ பொருட்பிழைங்க.”

“எப்படிச் சொல்ற?”

“எங்க தமிழம்மா மாடியில அதட்டுனா கீழ கிரவுண்டுல விளையாடுற ஆறாவது பிள்ளைங்க நின்னுடுவாங்க, ஐயா.”

அடுத்தவள் எழுந்தாள். “‘கோபம் அறியாதவள்’ அதும் பொருட்பிழை, ஐயா.” (இதற்கு அவள் சான்று கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.)

“‘சமையலில் கைதேர்ந்தவள்’ சந்தேகம், ஐயா. தெனமும் எலுமிச்ச சாதம்தான் எடுத்துனு வருவாங்க.”

“‘இணையத்தில் வீண்பொழுது’...” என்று இன்னொருத்தி ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அதிகாரி பேனாவை மூடினார். “பிரமாதமான பயிற்சி. யார் தயாரிச்சது?”

தணிகாசலம் ஐயா இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினார். “இந்த அம்மாதாங்க. தன்னையே கேலிப்பொருளா வெச்சு எழுதியிருக்காங்க. மொதல்ல நானே நம்பல. எவ்வளவு பெரிய மனசு வேணும் பாருங்க!”

எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். இந்த இடத்தில் என் குட்டு ஒன்றை உடைத்தாக வேண்டும். நடந்த தவறைச் சொல்லிவிட எனக்கு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது. நான் அதைச் செய்யவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, “மாணவர்களுக்காகத்தாங்க எல்லாமே” என்றேன். கைதட்டல் இன்னும் ஓங்கியது. தப்பித்தேன் என்று உட்காரப் போனபோது, நசீமா மறுபடி எழுந்தாள்.

“தமிழம்மா, அப்ப உங்களுக்கு மாப்ள பாக்கறது பொய்யா? கல்யாணம் பண்ணினு எங்கள வுட்டுட்டுப் போவ மாட்டீங்கதான?”

அந்தக் குரலில் கேலி இல்லை. பரீட்சைத் தாள் கொடுக்கும்போது எப்படி என் முகத்தைப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். என்னால் முடியவில்லை.

“இது நான் எழுதினது இல்ல,” என்றேன். மெல்லிய குரலில்தான் வந்தது. “எங்க அப்பா எழுதினது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புறதுக்கு. நான் தப்பான ஃபைல அனுப்பிட்டேன்.”

தணிகாசலம் ஐயா வாயைத் திறந்தவர் மூடவில்லை. மெதுவாகப் போய்ப் பலகையிலிருந்த தாளைச் சுருட்டினார். சரோஜா டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அட கடவுளே! எத்தனை இருந்தாலும் அனுப்புங்க, எல்லாரும் பகிர்ந்துக்கலாம்னு எழுதினியே வளர்மதி! நான் மூணு நாளு தூங்கல!”

முதலில் சிரித்தது அதிகாரிதான். மேசை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் ஐயா, அப்புறம் இருபத்தைந்து தமிழாசிரியர்கள், நாற்பது பிள்ளைகள். கடைசியில் நானும். அழுகைதான் முதலில் வந்தது. பாதி வழியில் சிரிப்பாக மாறியது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பயிற்சி பயிற்சிதாம்மா. ஆனா பாதியில நிக்குது. தப்பு கண்டுபிடிச்சாச்சு, திருத்தி எழுத வேணாமா?” என்றார். நசீமா நோட்டைத் திறந்தாள். “நாங்க சரியா எழுதித் தர்றோம், தமிழம்மா.”

அன்று சாயங்காலம் நாற்பது தாள்களுடன் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. பெண்ணின் மானம் போயிற்றே என்று வருத்தப்படுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கவலை வேறு.

“பதினேழா?” என்றார்.

“பதினேழுதாம்பா.”

“முப்பத்தஞ்சு வருஷம். என் நோட்டுல எந்த ஆபீசரும் பேனா வெச்சதில்ல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காதர் பாய் அடிச்சதுல வந்திருக்கும்.”

(காதர் பாயிடம் மறுநாள் கேட்டேன். “அப்பா படிக்கப் படிக்க அடிச்சேன், டீச்சரம்மா. என் தப்பு கம்மி. அவுரு தப்பு ஜாஸ்தி” என்றார். வழக்கு இன்றுவரை தீரவில்லை.)

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்பது தாள்களையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவும் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் எழுதியதில் பிழை கண்டுபிடித்துப் பழி தீர்க்கிற நோக்கம். அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. எழுத்தில் கர்வம் உள்ள மனிதர். அந்தக் கர்வத்தை நான்தான் வாங்கி வைத்திருக்கிறேன். உடைந்தால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் ஒரு தாளை மட்டும் தனியே எடுத்து என்னிடம் நீட்டினார். நசீமா எழுதியது.

‘எங்கள் தமிழம்மாவுக்குக் குரல் பெரிது. கோபம் வரும். பத்து நிமிடத்தில் போய்விடும். போன பிறகு நம்மைக் கூப்பிட்டு வேறு ஏதாவது பேசுவார். அதுதான் மன்னிப்பு என்று நாங்கள் புரிந்துகொள்வோம். சமைப்பாரா என்று எங்களுக்குத் தெரியாது. எலுமிச்சை சாதம் நன்றாக இருக்கும், நான் சாப்பிட்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் எங்களுக்காக விடுகதையும் பாட்டும் கொண்டுவருவார். அது வீண்பொழுது இல்லை. இவரைக் கல்யாணம் செய்துகொள்பவர் இவரை வேறு ஊருக்குக் கூட்டிப் போகக்கூடாது.’

இரண்டு முறை படித்தேன்.

“இதுல ஒரு மேற்படிகூட இல்ல,” என்றார் அப்பா. “ஆனா விஷயம் இருக்குது. இதையே அனுப்பு.” பிறகு அதுவரை நான் அவரிடம் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்: “பசங்களுக்கு நல்லா சொல்லிக்கொடுத்திருக்கம்மா.” சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு சாப்பிடப் போனார்.

சரோஜா டீச்சர் சொன்ன ‘பொருத்தமானது’ அவருடைய சித்தி மகன். நில அளவைத் துறையில் சர்வேயர். நசீமாவின் தாள் அப்படியே நகல் எடுக்கப்பட்டுப் போளூர் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். தனியாகப் பேசச் சொன்னார்கள். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார்.

“ரெண்டு விஷயம் கேக்கணுங்க,” என்றார். “பத்து நிமிஷம்னு போட்டிருக்குதே, அது கரெக்டா?”

“சுமாருக்குங்க. சில நாள் பதினஞ்சு ஆகும்.”

“பரவால்ல. வேற ஊருக்குக் கூட்டினு போகக்கூடாதுன்னு யாரோ கண்டிஷன் போட்டிருக்காங்க. யாருங்க அவங்க?”

“ஒன்பதாவது படிக்கிற பிள்ளைங்க.”

அவர் யோசித்தார். அளந்து பார்த்துத்தான் எதையும் சொல்கிற ஆள் என்று அப்போதே தெரிந்தது. “நான் இந்தப் பக்கம் மாறுதல் கேட்டுப் பாக்கறேன்” என்றார்.

கேட்டார், எட்டு மாதத்தில் கிடைத்தது. வேங்கிக்காலில் அப்பா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தோம். கல்யாணத்துக்குத் தணிகாசலம் ஐயாவிலிருந்து தொடங்கி இருபத்தாறு பேரும் வந்தார்கள். காதர் பாய் குடும்பத்தோடு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். ஒன்பதாம் வகுப்பு, அதற்குள் பத்தாம் வகுப்பாகி, மண்டபத்தில் ஒரு மூலையையே பிடித்துக்கொண்டது. அப்பா, தான் எழுதிய கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் நசீமாவிடம் காட்டச் சொல்லி அனுப்பினார். அவள் ஒரு ‘க்’கை எடுத்தாள்.

அன்று அந்த அறையில் இருந்தவர்களில் யாராவது ஒருவர் இதை வெளியே போய்க் கேவலமாகப் பேசியிருந்தால், இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்திக்கு அந்த ஊரில் தலை காட்ட முடிந்திருக்காது. ஒருவர்கூடப் பேசவில்லை. ஐயா தன்னிடமிருந்த நகல்கள் அனைத்தையும் கட்டி என்னிடமே கொடுத்துவிட்டார். நான் இணையத்தில் எவ்வளவோ தேடி எடுத்திருக்கிறேன், எவ்வளவோ அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெயர் தெரியாத கனடா அம்மாவிலிருந்து இரண்டாம் பெஞ்சு நசீமாவரை, எனக்கு வந்துசேர்ந்ததெல்லாம் நான் கேட்காமலேயே கிடைத்தது. நான் செய்தது திறந்து பார்க்காமல் இணைத்தது மட்டும்தான்.

எங்கள் வீட்டில் ‘பொய்’ என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. போன வாரம் நாத்தனார் தொலைபேசியில் அழைத்து, விசேஷத்துக்கு முதலிலேயே சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டாள். நான் மிகவும் இனிமையாக, “அய்யோ, எனக்கு ஒண்ணும் கோவமே இல்ல அண்ணி” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து கணவர், மாடியிலிருந்து மகள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்:

“பொருட்பிழை!”